நத்திங் பட் விண்ட்: உரிய கவனம் பெறாத ஓர் இளையராஜா இசைத்தொகுப்பு

'நத்திங் பட் விண்ட்' என்பது இசையமைப்பாளர் இளையராஜா 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவியிசைத் தொகுப்பாகும். 'காற்றன்றி வேறில்லை' என்று இப்பெயரைத் தமிழில் சொல்லலாம். இந்துஸ்தானிப் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியாவும் 50 பேர் கொண்ட இசைக்குழுவும் இதில் வாசித்துள்ளனர். மொத்தம் ஐந்து இசைப்பகுதிகள். திரைப்படத்துக்காக எழுதப்பட்டவை அல்ல.

இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், எங்கள் உத்தமபாளையம் வட்டத்தில் கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில் உள்ள ஊர். இந்தப் பக்கத்துத் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் அவர் பாட்டு ஒலிக்காத நாள் இல்லை. ஆனால் 'நத்திங் பட் விண்ட்' கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'மண்வாசனை இசை' என்ற ஒரே அடைமொழிக்குள் அவரை அடக்கிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த வழக்கத்துக்குள் அடங்காத படைப்பு இது. ஆகவேதான் நம் பேச்சிலிருந்து விடுபட்டுப் போனது என்பது என் கருத்து.

பின்னணி

பதினான்கு வயதளவில் அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றவர் இளையராஜா. 1968-இல் சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார். 1976-இல் 'அன்னக்கிளி' வெளிவந்தது. அடுத்த பத்தாண்டுகளில் திரைப்படங்கள் குவிந்தன.

1986-இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் அவர் காணிக்கையாக்கினார். அதில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மை பெற்றது. இயக்குநர் பாலுமகேந்திரா தம் 'வீடு' படத்தில் அந்த இசையைப் பயன்படுத்திக்கொண்டதால், கேசட் வாங்காதவர்கள் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இரண்டாண்டு கழித்துப் பிறந்த தம்பிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

காற்று என்னும் கருத்து

இசை என்பது இயற்கையில் நிகழும் காற்றோட்டம் போன்றது என்ற எண்ணமே இத்தொகுப்பின் அடிப்படை. தென்றலும் காற்று, புயலும் காற்று, மூச்சும் அதுவே. ஒரு பகுதிக்கு 'கம்போசர்ஸ் பிரெத்', அதாவது இசையமைப்பாளனின் மூச்சு என்றே பெயர். பிற பகுதிகளின் பெயர்கள் 'சிங்கிங் சீக்ரெட்', 'சாங் ஆஃப் சோல்', 'மொசார்ட் ஐ லவ் யூ', 'நத்திங் பட் விண்ட்' என்பன.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவருக்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களோடு கம்பம் கணவாயும் தென்மேற்குப் பருவக்காற்று தமிழகத்துக்குள் நுழையும் வழி என்று வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனி, ஆடி மாதங்களில் இங்கே காற்று ஒரே சீராக வீசாது. சற்று நின்று, தென்னை ஓலையை மட்டும் அசைத்து, பிறகு கூரைத் தகரத்தைத் தூக்கப் பார்க்கும். இளையராஜா அதை நினைத்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவில்லை. இத்தொகுப்பைக் கேட்கும்போது எனக்கு அந்த நினைவு வருகிறது, அவ்வளவுதான்.

சௌராசியாவின் குழல்

குழலைத் தேர்ந்ததிலேயே பாதிக் கருத்து நிறைவேறிவிடுகிறது. கர்நாடக இசையில் பயன்படும் குழல் குட்டையானது. பொதுவாக எட்டு விரல்துளைகள் கொண்டது. இந்துஸ்தானி பான்சுரி நீளமானது. பெரும்பாலும் ஆறு விரல்துளைகள். தாழ்ந்த சுரங்களில் அதன் ஒலி கனமாக இருக்கும். நாதத்தோடு மூச்சின் உரசலும் சேர்ந்து கேட்கும். 1938-இல் அலகாபாத்தில் பிறந்த சௌராசியா, அன்னபூர்ணா தேவியிடம் பயின்றவர். 1967-இல் சந்தூர் கலைஞர் சிவகுமார் சர்மா, கிட்டார் கலைஞர் பிரிஜ்பூஷன் காப்ரா ஆகியோருடன் 'கால் ஆஃப் தி வேலி' தொகுப்பில் வாசித்தார். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஓர் இடையனின் ஒருநாள் வாழ்வைச் சொன்ன அத்தொகுப்பு பெரும்புகழ் பெற்றது.

இங்கே அவர்முன் இருந்த வேலை வேறு. இராகம் ஒற்றை வரியில் வளர்வது. சுரத்தை வளைத்தும் இழைத்தும் விரிவது. மேற்கத்திய இசைக்குழுவிலோ பல சுரவரிகள் ஒரே நேரத்தில் ஒலிக்கும். யார் எப்போது எதை வாசிப்பது என்பது தாளில் முன்பே எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று குழல் கட்டுண்டு போகும், அல்லது இசைக்குழு வெறும் சுருதிப்பெட்டி ஆகிவிடும். பல கலப்பிசை முயற்சிகள் சறுக்கிய இடம் இதுதான். இத்தொகுப்பில் வயலின் கூட்டம் குழலுக்குப் பதில் சொல்கிறது, சில இடங்களில் மறுத்தும் பேசுகிறது.

'மொசார்ட் ஐ லவ் யூ' பகுதியை மாணவர்கள் தனியே கேட்க வேண்டும். மொசார்ட் வாழ்ந்த காலம் 1756 முதல் 1791 வரை. தியாகராஜர் பிறந்தது 1767-இல். வியன்னாவிலும் திருவையாற்றிலும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே காலத்தில் இரு பெரும் இசை வழிகள் செழித்திருந்தன. முந்தைய தொகுப்பில் பாக்கிடம் காட்டிய மரியாதை கொஞ்சம் மாணவனுடையது. மொசார்ட்டிடம் காட்டுவது விளையாட்டும் உரிமையும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது தொகுப்பை நான் ஒரு படி மேலாக வைப்பேன். மறுப்பவர்கள் உண்டு.

ஏன் மறைந்தது?

பாட்டு வரிகள் இல்லை, நடிகர் இல்லை, காட்சி இல்லை. நம் ஊரில் ஒரு பாட்டை 'அந்தப் படத்துல வருமே' என்றுதான் அடையாளம் சொல்வோம். அப்படிச் சொல்ல இதற்கு ஒரு படம் இல்லை. மேலும் 1988-இல்தான் 'சத்யா', 'அக்னி நட்சத்திரம்' ஆகிய படங்களும் வந்தன. மறு ஆண்டு 'கரகாட்டக்காரன்'. இளையராஜாவின் கருவியிசையை மறைத்தது இளையராஜாவின் பாட்டுகளே.

2005-இல் 'திருவாசகம்', 2025 மார்ச்சில் இலண்டனில் அரங்கேறிய 'வேலியண்ட்' சிம்பொனி ஆகியவை பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. அவற்றைக் கேட்டவர்கள், பல கருவிகளுக்கான நீண்ட இசையை அவர் முன்னரே எப்படிக் கையாண்டார் என்று அறிய இந்த 1988-ஆம் ஆண்டுத் தொகுப்புக்குத் திரும்பலாம். முதன்முறை கேட்பவர் மொசார்ட் பகுதியில் தொடங்குவது எளிது. தலைப்புப் பகுதியை இரவில், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பது நல்லது.