ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எடுப்பா?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நானும் தோழிகளும் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தோம். மகளிர் உதவி எண் 181 என்று அதில் பெரிதாக அச்சிட்டிருந்தோம். பூக் கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்பரு சரி கண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் போட்டா யாரு எடுப்பா?"

"எடுப்பாங்கக்கா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, யார் எடுப்பார்கள், அவர்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள், எடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்று எனக்கே தெரியாது. அந்தக் கேள்வியோடுதான் இந்த எண்ணின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். நாடே தெருவில் இறங்கியது. அந்த மாதம் முடிவதற்குள் தில்லியில் 181 செயல்படத் தொடங்கியது. 2013 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயுடன் நிர்பயா நிதி அறிவிக்கப்பட்டது. பெண்களின் கோபம் அரசின் கணக்கேட்டில் ஒரு தலைப்பாக ஏறியது அப்போதுதான். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் அந்தப் பணம் பெரும்பாலும் செலவாகாமலே கிடந்தது.

2015 ஏப்ரல் 1 முதல் எல்லா மாநிலங்களுக்கும் மகளிர் உதவி எண் திட்டம் விரிவாக்கப்பட்டது. ஏற்பாடு இதுதான்: முழுப் பணமும் நிர்பயா நிதியிலிருந்து மத்திய அரசு தரும், நடத்துவது மாநிலம். தமிழ்நாட்டில் அதுவரை காவல்துறையின் 1091 இருந்தது. 181 இங்கே வந்தது 2018 டிசம்பரில். தில்லிச் சம்பவத்துக்கும் அதற்கும் இடையே ஆறு ஆண்டுகள்.

உதவி எண்ணில் எண் மலிவானது. செலவு பிடிப்பது, 24 மணி நேரமும் மூன்று ஷிப்டாக உட்கார்ந்திருக்கும் மனுஷிகள். அழுகையைக் கேட்க வேண்டும். பக்கத்தில் கணவன் நிற்கிறானா என்று குரலை வைத்தே ஊகிக்க வேண்டும். காவல் நிலையம், மருத்துவமனை, ஒருங்கிணைந்த சேவை மையம் என்று சரியான இடத்துக்கு இணைக்க வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்களே செய்கிறார்கள். ஆறுதல் சொல்வது பெண்ணுக்கு இயல்பாக வருவது என்று வீட்டில் நினைப்பதைத்தான் அரசும் நினைக்கிறது. அதனால்தான் அது நிரந்தர வேலையாக எண்ணப்படுவதில்லை.

பணம் வரும் வழியும் கரடுமுரடானது. மத்திய அரசு ஒரு தவணை அனுப்பும். அதைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழை மாநிலம் அனுப்பினால்தான் அடுத்த தவணை வரும். ஏதோ ஒரு மேசையில் கோப்பு தங்கினால், தொலைபேசி எடுக்கும் பெண்ணின் சம்பளம் தங்கிவிடும். 2019 நவம்பரில் மக்களவையில் தரப்பட்ட பதிலின்படி, நிர்பயா நிதித் திட்டங்களுக்காகத் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது 190 கோடி ரூபாய்க்கு மேல்; செலவானதாகக் காட்டப்பட்டது 6 கோடி. இது உதவி எண்ணுக்கு மட்டுமான கணக்கல்ல. ஆனாலும் பணம் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது என்பதை இந்தக் கணக்கு சொல்லிவிடுகிறது.

இதன் கடைசிப் படி எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரப்பிரதேசம் சாட்சி. அங்கே 2016 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 181 தொடங்கப்பட்டது. தனியார் நிறுவனம் வழியாகப் பெண்கள் பணியமர்த்தப்பட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. 2020-ல் சேவை நிறுத்தப்பட்டு அழைப்புகள் காவல்துறையின் 112-க்குத் திருப்பப்பட்டன. ஊரடங்கில் வீட்டு வன்முறை கூடிய அதே ஆண்டில், மற்றவர்களின் துயரத்தைக் கேட்டவர்கள் தங்கள் சம்பளத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. காவல் நிலையத்துக்குப் போக அஞ்சும் பெண்ணுக்கு 112-ம் 181-ம் ஒன்றல்ல என்பதை அந்த முடிவை எடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

பணக்கார நாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 911 சேவைக்காக மாநிலங்கள் தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து ஒரு கட்டணம் வசூலிக்கின்றன. நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் அதை வேறு செலவுகளுக்குத் திருப்பின. நமக்கு அது தெரிய வந்ததே ஒரு சட்டத்தால்தான். எந்த மாநிலம் எவ்வளவு வசூலித்தது, எதற்குச் செலவிட்டது என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்கிறது 2008-ல் வந்த அந்தச் சட்டம். அறிக்கை திருட்டை நிறுத்திவிடாது. ஆனால் பெயர் சொல்லிக் கேட்க வழி செய்கிறது.

நம் கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நான்கு கேள்விகள் போதும். போன மாதம் எத்தனை அழைப்புகள் வந்தன? எத்தனை எடுக்கப்பட்டன? இரவு ஷிப்டில் எத்தனை பேர்? அவர்களுக்கு எந்த மாதம் வரை சம்பளம் தரப்பட்டிருக்கிறது? பயனாளிகள் எத்தனை லட்சம் என்று விளம்பரம் சொல்லும். எடுக்கப்படாத அழைப்பு எத்தனை என்று நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

அந்தப் பூக்கார அக்காவை மறுபடி பார்த்தால் "எடுப்பாங்கக்கா" என்று சட்டென்று சொல்லமாட்டேன். "அங்கேயும் உன்னை மாதிரி ஒருத்திதான் உட்கார்ந்திருப்பா. அவளுக்குச் சம்பளம் போகுதான்னு நாம கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்பேன். எண்ணை 2012-ல் தெருவில் நின்ற பெண்கள் வாங்கித் தந்துவிட்டார்கள். அதை எடுக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் முறை.