கோரோ (ஜப்பானியத் தூபக்கலம்)

கோரோ என்பது ஜப்பானில் நறும்புகை இடப் பயன்படும் கலமாகும். வெண்கலத்திலும் சுடுமண்ணிலும் செய்யப்பட்டாலும், ஓவியம் தீட்டிய பீங்கான் கோரோக்களே வெளிநாடுகளில் அதிகம் அறியப்பட்டவை. மூன்று கால்கள், துளையிட்ட மூடி, மூடியின் உச்சியில் பிடியாக அமர்ந்திருக்கும் சிங்கம் ஆகியவை இதன் வழக்கமான அமைப்பு.

595ஆம் ஆண்டில் அவாஜித் தீவில் ஓர் அகிற்கட்டை கரையொதுங்கியது என்றும், அதை விறகோடு சேர்த்து எரித்த தீவினர் அதன் மணத்தை உணர்ந்து அரசவைக்குக் கொடுத்தனர் என்றும் 'நிஹோன் ஷோகி' நூல் கூறுகிறது. அகில் தென்கிழக்காசியாவிலிருந்தும் சந்தனம் இந்தியாவிலிருந்தும் சென்றன. 15ஆம் நூற்றாண்டில் நறுமணத்தை நுகர்வதே 'கோதோ' என்னும் கலையாக வளர்ந்தது. அக்கலையில் மணத்தை முகர்வதாகச் சொல்வதில்லை, 'கேட்பதாக'வே சொல்வர்.

நம் தூபக்காலில் கனலும் கரிமேல் நேரடியாகச் சாம்பிராணி தூவுகிறோம். கோரோவில் நிறையச் சாம்பல் நிரப்பி, கங்கை அதனுள் புதைத்து, மேலே அபிரகத் தகடு வைத்து, அதன்மீது நறுமரச் சீவலை இடுவர். சீவல் எரியாது, சூடேறி மணக்கும். சாம்பல் வெப்பத்தைத் தடுப்பதால் மெல்லிய பீங்கானும் வெடிப்பதில்லை.

ஜப்பானில் பீங்கான் செய்தல் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிதா என்னும் ஊரில் தொடங்கியது. அங்கு வெண்களிக்கல்லைக் கண்டறிந்தவர் போர்க்காலத்தில் கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர் யி சாம்பியோங் என்பது மரபு. சீனாவில் மிங் அரசு வீழ்ந்து பீங்கான் வரத்து தடைப்பட்டதும், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அரிதாவை நாடியது. அதே கம்பெனிக்குப் பழவேற்காட்டில் கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரையின் கோடுபோட்ட துணிகள் அதன் கப்பல்களில் நாகசாகி சென்றன. ஜப்பானியர் அவற்றைச் 'சாந்தோமே' என்றனர். சாந்தோம் என்ற மயிலாப்பூர்ப் பெயர்தான் அது! வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலுள்ள ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய ரெனோ–நிசான் ஆலையின் கார்கள், பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் கப்பலேறியது இத்தொடர்பின் பிற்கால அத்தியாயம் எனலாம்.

மிகாவாச்சி சூளைகளின் ஹிராதோ வகை, தூய வெண்மைக்கும் வலைபோன்ற துளைவேலைக்கும் பெயர்பெற்றது. நொனொமுரா நின்செய் செய்த ஃபெசன்ட் பறவை வடிவக் கோரோ ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று, கனாசாவாவில் உள்ளது. முதுகுத் துளைகள் வழியே புகை எழும். ஆனால் அது பீங்கான் அன்று, வண்ணப்பூச்சிட்ட சுடுமண். சத்சுமா கலங்களையும் பலர் பீங்கான் என்றே எழுதுகின்றனர். அவையும் மண்கலங்களே. வெடிப்பு வலை ஓடிய தந்தநிற மெருகைக் கொண்டு அவற்றை எளிதில் அறியலாம்.

1867 பாரிஸ், 1873 வியன்னா பொருட்காட்சிகளுக்குப்பின் ஐரோப்பாவில் தேவை பெருகியது. 1875இல் அரிதாவில் கோரான்ஷா நிறுவனம் தோன்றியது. ஏற்றுமதிக் கோரோக்கள் ஆளுயரம் எட்டும் அளவுக்குப் பெருத்தன, பொன்வேலை கூடியது, மணம் மறைந்தது. வாங்கியவர்கள் அவற்றைக் கணப்படுப்பின் மேல்தட்டில் அழகுக்கு வைத்தனர். ஐதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் ஜப்பானியக் கலங்களும் இத்தகைய சேகரிப்பு ஆர்வத்தின் பயனே. பழைய கோரோ ஒன்றைக் காண்பவர் ஓவியத்தைப் பார்க்குமுன் மூடியைத் திறந்து பார்ப்பது நல்லது. உள்ளே சாம்பற்கறை இருந்தால் அது ஒருகாலத்தில் யாரோ மணம் கேட்ட கலம். பளிங்குபோல் இருந்தால் பெரும்பாலும் கப்பலுக்கென்றே செய்யப்பட்டது.