இளையோர் மூளைக்கட்டிகளும் இலக்கு மருந்துச் சோதனைகளும்

மூளைக்கட்டியில் உள்ள குறிப்பிட்ட மரபணுப் பழுதைக் குறிவைத்துத் தடுப்பவை இலக்கு மருந்துகள். அவை சிறாருக்கும் இளம்பருவத்தினருக்கும் பலன் தருமா, பாதுகாப்பானவையா என்று ஒப்புதல் பெற்று முறைப்படி அறியும் ஆய்வே மருத்துவச் சோதனை.

செயல்படும் விதம்

சிறாரின் மூளைக்கட்டிகளில் அதிகம் காணப்படுபவை மெதுவாக வளரும் கிளையோமா வகைக் கட்டிகள். இவற்றில் பலவற்றில் பிராஃப் என்ற மரபணு பழுதுபட்டிருக்கும். ஸ்டார்ட்டர் சிக்கிய கிணற்று மோட்டார் நிற்காமல் ஓடுவது போல, அம்மரபணு உருவாக்கும் பழுதான புரதம் செல்லை ஓயாமல் வளரத் தூண்டும். டாப்ராஃபெனிப் அந்தப் புரதத்தையும், டிராமெட்டினிப் அதற்கடுத்த கண்ணியான மெக் புரதத்தையும் தடுக்கின்றன. இப்பழுது பெரும்பாலும் கட்டியில் மட்டுமே உண்டாவது. பெற்றோர் வழி வருவதில்லை. குழந்தையின் நோய்க்குத் தாயைக் குறை சொல்ல இடமே இல்லை.

முக்கியச் சோதனைகள்

ஒரு சோதனையில், வி600இ என்ற பிராஃப் மாற்றம் கொண்ட 110 சிறாரில் 73 பேருக்கு இவ்விரு மருந்துகளும், 37 பேருக்கு வழக்கமான கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் கீமோவும் ஒதுக்கப்பட்டன. இலக்கு மருந்துப் பிரிவில் 47 சதவீதம் பேருக்கும், கீமோ பிரிவில் 11 சதவீதம் பேருக்கும் கட்டி கணிசமாகச் சுருங்கியது. நோய் முற்றாமல் கழிந்த இடைநிலைக் காலம் முறையே 20.1 மாதங்கள், 7.4 மாதங்கள். காய்ச்சல் அடிக்கடி வந்தாலும் கடுமையான பக்கவிளைவுகள் கீமோவைவிடக் குறைவு. 2023 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு வயது முதல் இவ்விரு மருந்துகளையும் சேர்த்துத் தர அனுமதி அளித்தது.

பிராஃப் பழுது எல்லாம் ஒன்றல்ல. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் சோராஃபெனிப் என்ற பழைய தடுப்பு மருந்தைப் பெற்ற 11 சிறாரில் 9 பேருக்குக் கட்டி வளர்ந்ததால் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. பிராஃப் வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொண்ட கட்டிகளில் பழைய தலைமுறைத் தடுப்பு மருந்துகள் வளர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும். அவ்வகைக்கும் பயன்படும் டோவோராஃபெனிப், வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மருந்தாக 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனவே மரபணுப் பரிசோதனை முடியாமல் இம்மருந்துகளைத் தொடங்கக் கூடாது.

இந்தியாவில்

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2001 முதல் 2012 வரை, தீவிரமற்ற மூளைக்கட்டி கொண்ட 200 இளையோரிடம் நுண்குறிக் கதிர்வீச்சைச் சோதித்தது. மருந்து ஆய்வு அல்ல எனினும், இத்துறையில் குறிப்பிடத்தக்க இந்தியச் சோதனை அது. புதிய மருந்துகளின் சோதனைகள் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி நடக்கின்றன. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்பதிவும் கட்டாயம். பெற்றோர் கையெழுத்திட்டாலும், ஏழு வயதைக் கடந்த பிள்ளையிடம் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

தாராபுரத்திலிருந்து

தாராபுரம் போன்ற சிறிய ஊரிலிருந்து சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்துக்குப் பெரிய மருத்துவமனை என்றால் கோவைதான். அதற்கு மேல் வேலூர், சென்னை. ஒவ்வொரு பயணத்திலும் கையில் இருக்க வேண்டியது, அறுவையில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும் அதிலிருந்துதான் மரபணுப் பரிசோதனை செய்யப்படுகிறது. அறுவை நடந்த மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கலாம். எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள குறுந்தகட்டோடு சேர்த்து, வெயில் படாமல் எடுத்துச் செல்வது நல்லது. அது கையில் இருந்தால், பரிசோதனைக்காகப் பிள்ளைக்கு மறுபடி அறுவை செய்ய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.