தங்கவயலில் தலைவர்கள் உருவான விதம்

நம் ஓசூருக்கு வடகிழக்கே, ஒரு காலைப்பொழுதில் சென்று சேரத்தக்க தொலைவில் உள்ளது கோலார் தங்கவயல். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே பொன் அகழும் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று குடியேறினர். அந்நாளில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தவை. ஆகவே அவர்கள் நமக்கு அயலார் அல்லர். அவருள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமையினின்று விலகிச் சென்ற ஆதிதிராவிட மக்கள்.

சென்ற இடத்திலும் அவர்களுக்கு உரிமை என்று ஒன்றுமில்லை. நிலம் மைசூர் மன்னருடையது. ஆணை ஆங்கிலேயக் கம்பெனியுடையது. வாழ்விடம் மூங்கில் தட்டிக் குடிசை. 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்த ஊர் என்று தங்கவயலைப் போற்றுவோர் பலர். அம்மின்னாற்றல் வந்தது சுரங்கத்தின் பொருட்டே என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

இத்தகைய குடியேறிகளிடையே பொதுவாழ்வுக்குரிய தலைவர்கள் எவ்வாறு தோன்றினர்? அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் நிறுவிய தென்னிந்திய சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் வேரூன்றியது. பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்குத் தங்கவயலில் ஆர்வமிக்க வாசகர்கள் இருந்தனர். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கேட்டு வினவுவது அக்காலத்து வாசிப்பு முறை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசுதல், மறுப்புக்கு விடை கூறுதல், விண்ணப்பம் எழுதுதல், பள்ளி நடத்துதல், புரோகிதரின்றித் திருமணமும் இறுதிச் சடங்கும் நிகழ்த்துதல் ஆகிய அனைத்தும் சங்கத்தில் பயிலப்பட்டன. குடிமதிப்புக் கணக்கெடுப்பில் தம்மை எப்பெயரால் பதிவு செய்வது என்பதும் அங்கே விவாதத்திற்குரிய பொருளாயிற்று. அரசின் ஏட்டில் தன் பெயரைத் தானே தீர்மானிக்க முனைபவன் குடிமகனாகிவிட்டான் என்றே நான் கருதுகிறேன்.

1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926இல் ‘தமிழன்’ தங்கவயலிலிருந்தே, கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளர் ஊரொன்று தமிழுக்கு ஓர் இதழை மீட்டுத் தந்த செய்தி நம் இலக்கிய வரலாறுகளில் எத்தனை வரி பெற்றிருக்கிறது? மணிமேகலையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் என்னைப் போன்றோரும் தமிழ்ப் பௌத்தம் இடைக்காலத்தோடு முடிந்துவிட்டதாகவே சொல்லி வந்தோம். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் வெளிவந்த பின்னரே பலருக்கும் கண் திறந்தது.

1930இல், பொன் திருட்டைத் தடுப்பதற்கென்று தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிக்க வேண்டும் என்றபோது, தங்கவயல் ஏறத்தாழ மூன்று வாரம் வேலையை நிறுத்தியது. தம்மைக் குற்றப் பரம்பரையினரைப் போல நடத்துவதாக அவர்கள் கொதித்தெழுந்தனர். அங்கீகாரம் பெற்ற தொழிற்சங்கம் அன்று இல்லை. ஆதலின் அது தலைவரற்ற கிளர்ச்சி எனப்பட்டதுண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கூட்டங்களில் பேசிப் பழகிய கால் நூற்றாண்டு அவர்களுக்குப் பின்னால் இருந்தது. விடுதலைக்குப் பின் பொதுவுடைமையரும் குடியரசுக் கட்சியினரும் அவ்வூரிலிருந்து சட்டமன்றம் சென்றதும் திடீரென நிகழ்ந்ததன்று. அச்சங்கத்துப் பெண்களின் பெயர்கள் மட்டும் ஆவணங்களில் அரிதாகவே தென்படுகின்றன. இக்குறையை ஆய்வாளர்கள்தாம் நீக்க வேண்டும்.

இவ்வரலாற்றை நம் பத்தாண்டு மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. சிப்காட் ஆலைகளை நம்பி அன்று தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து வந்தோம். இன்று ஒடிசா, பீகார், சார்க்கண்டு இளைஞர்கள் வருகின்றனர். ஓர் அறையில் பலராகத் தங்கும் அவர்களுள்ளும் கவிதை எழுதுவோர் இருக்கக்கூடும். நம் திங்கள் கூட்டத்தில் இதுவரை அவர்களில் ஒருவரையும் நாம் பேச அழைத்ததில்லை. அடுத்த கூட்டத்தின் பொருளாக இதனை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழுவுக்கு முன்மொழிகிறேன்.

தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அத்தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாரிகுப்பத்தில் தொடர்வண்டி ஏறி, நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.