உப்புக்கு வந்த சட்டச் சிக்கல்

மரக்காணம் உப்பளங்களில் உவர்நீர் பாத்தியில் காய்ந்து உப்பாவது அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது சட்டம்! அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கக் கூடாது என்ற மத்திய அரசின் தடை 1998-இல் அமலுக்கு வந்தது, 2000-இல் நீங்கியது, 2006-இல் திரும்பவும் வந்தது. முன்கழுத்துக் கழலையைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் விதியைப் போட்டது உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ். அயோடின் இல்லாத உப்பு கலப்பட உப்பா என்ன?

2011 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. ஆனாலும் தகுந்த சட்டம் செய்துகொள்ள அரசுக்கு ஆறு மாதம் கொடுத்து, அதுவரை விதி நீடிக்கட்டும் என்றது. அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதே தடை வந்துவிட்டது.

விதியை மீறிய வியாபாரிக்கு வழக்கு, வரம்பை மீறிய அரசுக்கு அவகாசம். பொறுப்பு இருவருக்கும் ஒன்றுதானே?