சிங்கத்தோல் போர்த்த தெய்வம்: காசுகள் காட்டும் ஹெராக்ளிஸ்

கிரேக்கப் புராணம் கூறும் தெய்வங்களுள் நம் நாட்டு எல்லையில் நெடுங்காலம் தங்கியவர்களுள் ஒருவன் ஹெராக்ளிஸ். வானுலகத் தலைவனாகிய ஜீயசுக்கும் மானிடப் பெண்ணொருத்திக்கும் பிறந்து, பன்னிரண்டு அருஞ்செயல்களை முடித்து, இறுதியில் தேவர் நிலை எய்தியவன் என்பது அவன் கதை. நெமியா என்னும் இடத்தில், எவ்வாயுதமும் துளைக்கவியலாத சிங்கமொன்றைக் கைகளாலேயே நெரித்துக் கொன்று, அதன் தோலை உரித்துப் போர்த்துக்கொண்டான். அன்று முதல் சிங்கத்தோலும் கையிற்பிடித்த கதையும் அவனுக்குரிய அடையாளங்கள் ஆயின. கிரேக்க எழுத்து ஒன்றையும் அறியாதவரும் காசைப் புரட்டிப் பார்த்த மாத்திரத்தில் 'இவன் ஹெராக்ளிஸ்' என்று சொல்லிவிடலாம். ஒரே தெய்வத்தின் உருவம் பொறித்த பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். அவர்களுக்கு இவனினும் ஏற்ற தெய்வம் கிடைப்பது அரிது. மாசிடோனியாவில் தொடங்கிக் குஷாணர் நாடு வரையில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் இவன் காசுகளில் நடந்து வந்திருக்கிறான்.

கி.மு. 336இல் அரியணை ஏறிய அலெக்சாந்தர் வெளியிட்ட வெள்ளிக்காசுகளின் முன்புறத்தில் சிங்கத்தோலைத் தலையில் அணிந்த ஹெராக்ளிசின் முகமும், பின்புறத்தில் கழுகைக் கையில் ஏந்தி வீற்றிருக்கும் ஜீயசும் காணப்படுகின்றனர். நான்கு திராக்மா மதிப்புடைய பெருங்காசு சுமார் 17 கிராம் எடை கொண்டது. மாசிடோனிய அரச குலத்தார் தம்மை ஹெராக்ளிசின் வழித்தோன்றல்கள் என்று கருதியவர்கள். ஆகவே குலமுதல்வனைக் காசில் வைத்தனர். அம்முகத்தை அலெக்சாந்தரின் முகம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அம்மன்னன் மறைந்த பின்னரும் பல நகரங்களின் நாணயச் சாலைகள் இக்காசை அடித்துக்கொண்டே இருந்தன. எனவே இன்று சேகரிப்போர் கைக்கு எளிதில் எட்டும் ஹெராக்ளிஸ் இவனே.

நம் கவனத்திற்கு உரியவன் இதற்கு அடுத்த கட்டத்து ஹெராக்ளிஸ். இன்றைய ஆப்கானிஸ்தானத்தின் வடபால் பாக்திரியா என்னும் நாட்டில் கிரேக்கர் தனியரசு நிறுவினர். அந்நாட்டு மன்னன் யூதிடெமஸ் வெளியிட்ட காசில் ஹெராக்ளிஸ் ஒரு பாறைமீது அமர்ந்து, கதையை ஊன்றி, உழைத்துக் களைத்தவன்போல் இருக்கிறான். அவன் மகன் டெமெட்ரியஸ் காலத்துக் காசில் அதே தெய்வம் எழுந்து நின்று, தன் தலையில் தானே வெற்றி மாலையைச் சூட்டிக்கொள்கிறது. முன்புறத்தில் மன்னனோ யானைத்தலைத் தோலைக் கவசமாக அணிந்திருக்கிறான். இந்துகுஷ் மலையைக் கடந்து தெற்கே வந்ததன் அறிகுறி அது என்பது பெரும்பாலோர் கொள்கை. தந்தை காலத்தில் அமர்ந்திருந்த தெய்வம் மகன் காலத்தில் எழுந்துவிட்டது என்பதைக் காண்கையில், அச்சுச் செதுக்கிய கம்மியன் அரசியலையும் அறிந்தவனே என்று தோன்றுகிறது.

பாக்திரியாவிலும் வடமேற்கு இந்தியாவிலும் ஆண்ட கிரேக்க மன்னர் நாற்பதை ஒட்டிய எண்ணினர். பழைய நூல்கள் பெயர் சொல்லுவதோ அவர்களுள் ஏழெட்டுப் பேரைத்தான். எஞ்சியோர் அனைவரும் காசுகளால் மட்டுமே நமக்கு அறிமுகமானவர்கள். மலையைக் கடந்து வந்தபின் அவர்கள் காசின் ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் கரோஷ்டி எழுத்தில் பிராகிருத மொழியும் பொறித்தனர். இந்திய வழக்கப்படி சதுரக் காசுகளும் அடித்தனர். ஜோயிலஸ் என்னும் மன்னனின் ஹெராக்ளிஸ் காசு இவ்வகைக்கு நல்ல சான்று. கிரேக்கத்தில் தன்னை 'நீதிமான்' என்று கூறிக்கொள்ளும் அவன், கரோஷ்டியில் அச்சொல்லுக்கு நேராகத் 'த்ரமிகஸ' என்று எழுதுவிக்கிறான். தார்மிகன் என்பதே அது. சிங்கத்தோல் சுமந்த கிரேக்கத் தெய்வத்தைச் சுற்றி நம் நாட்டுத் தருமம் எழுதப்பட்டிருக்கிறது!

காசுகளுக்கு முன்னரே இந்தியாவில் ஹெராக்ளிசைக் கண்டதாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. கி.மு. 300ஐ ஒட்டிப் பாடலிபுத்திரத்திற்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் எழுதிய நூல் மறைந்துவிட்டது. ஆயினும் அரியன் முதலிய பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகள் எஞ்சியுள்ளன. சூரசேன நாட்டார் ஹெராக்ளிசைச் சிறப்பாக வழிபட்டனர் என்றும், மெதோரா அவர்தம் நகரென்றும் அவற்றால் அறிகிறோம். மெதோரா வடமதுரையே. எனவே அவர் குறித்தது கண்ணனை என்பர் பலர். கதையும் வலிமையும் நோக்கிப் பலராமனை என்பாரும் உளர். தமிழராகிய நாம் செவி சாய்க்கவேண்டிய செய்தியும் அங்கே உண்டு. ஹெராக்ளிசுக்குப் பாண்டையா என்னும் ஒரே மகள் இருந்தாள். அவளுக்குத் தனிநாடும் 500 யானைகளும் 4,000 குதிரைகளும் 1,30,000 காலாட்களும் அளித்தான். கடலில் முத்தைக் கண்டெடுத்து, மகளுக்கு அணியாகும் என்று திரட்டுவித்தான் என்கிறார் அரியன். பாண்டியர், பெண்ணரசு, முத்து ஆகிய மூன்றும் ஒன்றாக வரும்போது, தென்கோடியின் செய்தி கங்கைக்கரைத் தூதரின் காதுவரை எட்டியிருந்தது என்று கொள்ளலாம். பெயரொப்புமை ஒன்றைக்கொண்டு பாண்டியரைக் கிரேக்க வழியினர் ஆக்கப் புகுவது மட்டும் வேண்டாத வேலை.

கிரேக்கர் நம் தெய்வத்தைத் தம் தெய்வத்தின் பெயரால் அழைத்தனர் என்பது நூல்வழிச் செய்தி. நம் தெய்வத்தை நம் தெய்வமாகவே அவர்கள் காசில் பொறித்தனர் என்பதை உலகம் அறிந்தது 1970இல்தான். ஆப்கானிஸ்தானத்தின் வடவெல்லையில் ஆக்சஸ் ஆற்றங்கரையில் அய்கானூம் என்னும் இடத்தில், பால் பெர்னார் தலைமையில் பிரெஞ்சு ஆய்வாளர் அகழ்ந்துகொண்டிருந்தனர். அரண்மனை அறையொன்றில் அறுநூற்றுக்கு மேற்பட்ட இந்திய முத்திரைக் காசுகளோடு ஆறு சதுர வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அவை அகாதோக்ளிஸ் என்னும் கிரேக்க மன்னனுடையவை. ஒருபுறம் சங்கும் சக்கரமும் ஏந்திய வாசுதேவன். மறுபுறம் கலப்பையும் உலக்கையும் ஏந்திய சங்கர்ஷணன். கிரேக்கத்திலும் பிராமியிலும் மன்னன் பெயர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இவை, கண்ணனும் பலராமனும் காசில் தோன்றிய மிகப் பழைய உருவங்கள். இக்காசு ஒன்று கடைவீதியில் தனியே கிடைத்திருந்தால் போலி என்று ஒதுக்கியிருப்பார்கள். அகழ்ந்த குழியில், உடன்கிடந்த காசுகளோடு கிடைத்ததனாலேயே எவரும் மறுக்கவியலாத சான்றாயிற்று.

ஹெராக்ளிசின் பிற்காலம் குஷாணரோடு கழிந்தது. குஜூல கட்பிசஸ், மறைந்துபோன கிரேக்க மன்னன் ஹெர்மேயசின் தலையையே தன் செப்புக் காசின் முன்புறத்தில் வைத்துக்கொண்டான். பின்புறத்தில் ஹெராக்ளிசை நிறுத்தி, கரோஷ்டியில் தன் பெயரை எழுதினான். சுற்றியுள்ள கிரேக்க எழுத்து சிதைந்து கிடக்கிறது. செதுக்கியவனுக்கு அது பொருளற்ற கோலமாகிவிட்டது போலும். பின்னர் வந்த வீம கட்பிசசின் காசுகளில் திரிசூலம் ஏந்திய சிவபெருமான் தோன்றுகிறார். அவற்றுள் சிலவற்றில் இடக்கையில் விலங்குத் தோல் தொங்குகிறது. ஹெராக்ளிசின் கையில் தொங்கிய தோலை அறிந்தவர்க்கு அது கிரேக்க அச்சின் மரபு என்று படும். நமக்கோ புலித்தோல் என்றே படும். இரண்டும் பொருந்துமாறு செதுக்கியதே அவன் திறம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹுவிஷ்கன் காசில் 'எராகிலோ' என்னும் பெயரோடு ஹெராக்ளிஸ் மீண்டும் ஒருமுறை தலைகாட்டுகிறான்.

இவையெல்லாம் எவ்வாறு தெரியவந்தன? ராஜஸ்தான வரலாறு எழுதிய கர்னல் டாட், மழைக்காலந்தோறும் மதுராவிலும் பிற பழைய நகரங்களிலும் ஆள் வைத்து, வெள்ளம் அரித்து வெளிப்படுத்தும் காசுகளைப் பொறுக்கச் செய்தார். ஏறத்தாழ 20,000 காசுகள் சேர்ந்தன. கருத்தைக் கவர்வன நூறு தேறா என்று அவரே எழுதினார். அந்நூற்றினுள்ளே இருந்தவை அப்பலோடோடசும் மினாந்தரும். பின்னர் வந்தவர் சார்லஸ் மேசன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைவிட்டு ஓடிப்போய், பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானத்தில் அலைந்த சிப்பாய் அவர். 1833இல் காபூலுக்கு வடக்கே பெக்ராம் சமவெளியை அடைந்தபோது, ஆண்டுதோறும் அங்கே முப்பதாயிரம் காசுகளேனும் கிடைக்கக்கூடும் என்று மதிப்பிட்டார். அவை அதுகாறும் காபூல் நாணயச் சாலைக்கும் செம்புக்கொல்லர் உலைக்கும் போய் உருகிக்கொண்டிருந்தன. எத்தனை ஹெராக்ளிசுகள் குடமாகவும் அண்டாவாகவும் ஆனார்களோ!

மேசன் எழுதியவை வந்து சேர்ந்த இடம் நாம் வாழும் இந்தக் கொல்கத்தா. இங்கே நாணயச் சாலையில் உலோகத்தின் மாற்றுக் காணும் பதவியிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப், ஆசியக் கழகத்தின் செயலாளராகவும் விளங்கினார். கிரேக்கப் பெயர்களுக்கு நேரே கரோஷ்டியில் அதே எழுத்துத் தொகுதிகள் திரும்பத் திரும்ப வருவதை மேசன் கண்டு தெரிவித்தார். அதைப் பற்றிக்கொண்டு பிரின்செப் அவ்வெழுத்தைப் படிக்கத் தொடங்கினார். 1837இல் அசோகரின் பிராமியும் அவருக்குப் புலனாயிற்று. ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் அமைந்த படித்துறைக்கு மாலையில் குழந்தைகளோடு சென்று காற்று வாங்கும் நம்மவர், அத்தூண்களின்கீழ் இச்செய்தியையும் சொல்லலாம். நம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படிக்கவும் அவ்வழியே திறப்பு ஆயிற்று.

சேகரிப்பால் அழிந்ததும் உண்டு. ஆப்கானிஸ்தானத்தில் கார்தேஸ் நகரை அடுத்த மீர்சக்கா என்னும் சிற்றூரின் ஊற்றிலிருந்து 1947இல் காசுகள் வெளிப்பட்டபோது, பிரெஞ்சுக் குழுவினர் விரைந்து பல ஆயிரம் காசுகளை மீட்டுப் பதிவு செய்தனர். 1992இல் அதே இடத்தில் மீண்டும் புதையல் கிளம்பியது. உள்நாட்டுப் போர்க்காலம், கேட்பார் இல்லை. மூன்று, நான்கு டன் எடையும் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்ட எண்ணிக்கையும் இருக்கலாம் என்பது மதிப்பீடு. இலங்கையில் பிறந்து பாரிசில் பணியாற்றிய நாணயவியல் அறிஞர் ஒஸ்மண்ட் போபேராச்சி, 1994இல் பெஷாவர் கடைவீதியில் ஒவ்வொன்றும் சுமார் 50 கிலோ எடையுள்ள ஆறு மூட்டைக் காசுகளை அவசர அவசரமாகப் பார்க்க நேர்ந்ததைப் பதிவு செய்துள்ளார். அக்காசுகள் உலகச் சந்தைகளில் சிதறிவிட்டன. அய்கானூம் நகரும் அப்போர்க்காலத்தில் கொள்ளைக் குழிகளால் துளைக்கப்பட்டது. ஆறு காசுகள் ஒரு நூற்றாண்டின் சமயத்தை விளக்கின. ஐந்து இலட்சம் காசுகள் அவற்றுக்கு ஈடான வரலாற்றைச் சொல்லாமலே கலைந்தன. வாங்குவோர் இல்லையெனில் தோண்டுவோரும் இல்லை என்பதை ஏலப் பட்டியல் புரட்டும் அன்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் ஊரிலும் இக்கவலை இல்லாமல் இல்லை. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த கிரேக்கம் முதலிய பிற நாட்டுக் காசுகளைப் பற்றி இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் தனிநூலே வெளியிட்டார். ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் காக்கப்பட்டதால் அவை சங்ககாலக் கடல்வணிகத்திற்குச் சான்றாகின்றன. அப்பெயர்கள் இல்லையேல் அவை வெறும் பழஞ்செம்பும் வெள்ளியுமே.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பழங்காசு வாங்கி வரும் இளைஞர் நம் குடும்பங்களில் உண்டு. 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி, மண்ணிலிருந்து எடுத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் நூறாண்டு கடந்த காசைத் தொல்பொருளாகக் கருதுகிறது. தனியார் அதனை வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம். போலிகளுக்கும் குறைவில்லை. வார்ப்பில் செய்த காசின் விளிம்பில் ஒட்டுக்கோடும் முகத்தில் நுண்குழிகளும் தென்படும், எடையும் மாறுபடும். நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருளுண்டு என்பதைச் சில வணிகர் அறியார். முறையாக வந்த காசு கைக்குக் கிட்டினால், அதைத் துலக்கித் தேய்க்காமல், எந்த ஊரில், யார்வழி, எந்நாளில் வந்தது என்று சிறு தாளில் எழுதி உடன்வைப்பதே முதல் வேலை.

மேசன் அதைத்தான் செய்தார். அவர் சேர்த்த காசுகள் இலண்டனுக்குப் போய், பிற காசுகளோடு கலந்து, சில ஏலத்தில் விலைபோய், எது எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோயிற்று. ஆனால் கையெழுத்துக் குறிப்புகளும் காசுகளைப் பார்த்து அவர் வரைந்த படங்களும் எஞ்சியிருந்தன. 1990களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் அப்படங்களைக் காசுகளோடு ஒப்பிட்டு, அவற்றுள் பலவற்றை அவர் கண்டெடுத்த இடத்தோடு மீண்டும் சேர்த்துவைத்தனர்.