விக்கி

ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு. இரட்டித்து ‘விக்கி விக்கி’ என்றால் மிக விரைவு; நம் ‘மளமள’ மாதிரி. தமிழ் விக்கலுக்கும் இதற்கும் உறவில்லை. ஹொனலுலு விமான நிலையத்தில் முனையங்களுக்கிடையே ஓடிய பேருந்துக்கு இந்தப் பெயர் இருந்தது. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம், படிப்பவரே உடனுக்குடன் திருத்தக்கூடிய வலைத்தளத்தை 1995இல் தொடங்கியபோது, அந்தப் பேருந்தை நினைத்தே ‘விக்கிவிக்கிவெப்’ என்று பெயரிட்டார்.

வகுப்பறையில், ‘விக்கி’ எனப்படும் இத்தகைய தளத்தின் அருமை விரைவைவிட அதன் நினைவாற்றலில்தான் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் தங்கிவிடும். ஐந்து பேர் சேர்ந்து நீர்ச் சுழற்சி பற்றி எழுதினால், ஆவியாதல் பத்தியைச் சேர்த்தது யார், அதிலிருந்த பிழையைக் களைந்தது யார், அடித்த வரியை மீட்டது யார் என்று ஆசிரியர் வரிவரியாகப் பார்க்கலாம். முடிந்த கட்டுரைக்கு மட்டும் மதிப்பெண் போடுவதைவிட இது எவ்வளவோ நியாயமானது. ஏன் மாற்றினோம் என்று மாணவர்கள் வாதாட, ‘உரையாடல்’ பக்கமும் உண்டு.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பின், விக்கிமூலம், விக்கிநூல்கள் என்று இந்தச் சொல் தமிழோடு இயல்பாகவே சேர்ந்துகொண்டது.